நான்கு மணி ஈரம்

எங்கள் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு நடுவில் நாலு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வருவாள். கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவுவாள். யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய்த் திரைச்சீலையின் மடிப்பை நீவும். இப்படிப்பட்டவளுக்கு அரசாங்கம் தேடிப்பிடித்துக் கொடுத்தது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வேலை. பதினாலு வருஷமாகியும் அந்த நாற்காலியில் பெயின்ட் உரியவில்லை.

வாசல் என்றால் குகை வாசல். ஊரை ஒட்டிய குன்றில் பாறையைக் குடைந்து ஒரு கூடம். இரண்டு பஸ்ஸை அடுத்தடுத்து நிறுத்தினால் அடைந்துவிடும், அவ்வளவுதான். உள்சுவரில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒரு படகு. எத்தனை நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்ததோ, படகில் பதினோரு பேர். கடைசியில் ஒரு பெண் மடியில் மூட்டையை அணைத்துக்கொண்டு, விட்டு வந்த கரையைத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மூட்டைக்காரி என்போம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கேயும் ஒரு குன்று, அங்கேயும் ஒரு குகை, அதே ஆட்கள் வரைந்த அதே படகு. இங்கே புறப்படுகிறது, அங்கே போய்க் கரை சேர்கிறது. ஆனால் அங்கே படகில் பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

இரண்டு அரசாங்கமும் பேசி, ஒரே டிக்கெட்டில் இரண்டு குகையையும் பார்க்கலாம் என்று வைத்தபோதுதான் எங்கள் குடும்பம் தலைநிமிர்ந்தது. நான் வேன் வாங்கினேன். அண்ணன் வீட்டு மாடியில் எட்டு அறை கட்டி லாட்ஜ் என்று போர்டு மாட்டினான். காலையில் இங்கே காட்டி, பாலத்துச் சோதனைச் சாவடியில் முத்திரை வாங்கி, மத்தியானம் அங்கே காட்டி, இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவேன். பாலத்தில் வண்டி நிற்கும்போது கேட்பேன், "பதினோரு பேர் கிளம்பினாங்க, பத்து பேர் போய்ச் சேர்ந்தாங்க. ஒருத்தர் எங்க போனாரு? கரெக்டா சொல்றவங்களுக்கு திரும்பி வர்றப்ப ஜன்னல் சீட்டு." ஒருத்தர் நீந்திப் போய்விட்டார் என்பார்கள். மனைவி தள்ளிவிட்டிருப்பாள் என்று யாராவது சொல்ல, வண்டியே சிரிக்கும். நன்றாக ஓடிய நகைச்சுவை அது. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

அண்ணியின் வேலை இதுதான். ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேரை உள்ளே விடவேண்டும். பத்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவர வேண்டும். அதன் பிறகு பத்து நிமிஷம் யாரையும் விடாமல் கதவை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும். மனிதர்களின் மூச்சிலும் வியர்வையிலும் இருக்கும் ஈரம் சுவரில் ஏறினால், உள்ளே இருக்கிற உப்பு வெளியே பூத்து, பூச்சைத் தள்ளிவிடுமாம். அதற்காக அந்த இடைவெளி. எனக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டாலே பிடிக்காது. ஹாரன் அடிப்பேன்.

"டிரைவர் சார், நீங்க அடிக்கிற ஹாரனுக்கு சுவர் காயாது" என்பாள் அண்ணி. கோபம் வந்தால்தான் நான் அவளுக்கு டிரைவர் சார். மற்ற நேரத்தில் தம்பி.

குகைக்குள்ளே சுவர்க்கடிகாரம் போல ஓர் ஈரமானி தொங்கியது. பத்து மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஈரம் நூற்றுக்கு அறுபத்தைந்துக்குள் இருந்தால் நல்லது. தானாகவே அளந்து அனுப்பும் கருவி ஒன்றும் வந்தது. பாறைக்குள் சிக்னல் கிடைக்காமல் அது பெட்டிக்கே திரும்பிவிட்டது. நாலு மணிக் கணக்கைப் போனில் அக்கரைக்குச் சொல்லி, அவர்கள் கணக்கையும் கேட்டு, இரண்டையும் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கே வாசலில் இருந்தவளும் ஒரு பெண்தான். பாஷை ஒன்று, இழுவை மட்டும் வேறு. அவள் அண்ணியை அக்கா என்பாள், அண்ணியும் அவளை அக்கா என்பாள். இரண்டு பேரில் ஒருத்திகூட மூத்தவளாக இருக்கத் தயாரில்லை. தினமும் பேசினார்கள், ஆனால் பார்த்ததே கிடையாது. இரண்டு குகைக்கும் விடுமுறை கிடையாது, இவள் வாசலை விட்டு நகர்ந்தால்தானே அவளைப் பார்க்கப் போக முடியும்.

இருவரையும் தினம் பார்த்தவன் நான். அங்கே கூட்டத்தை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்று அவளிடம் பேச்சுக் கொடுப்பேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"எங்க அண்ணி குகையில சுவர்ல கைய வெச்சா தூசிதான் ஒட்டும், ஈரமே கிடையாது."

"அப்படியா?" என்பாள்.

சாயங்காலம் இங்கே வந்து அண்ணியிடம், "அக்கரையில தரை எப்படிக் காஞ்சு கிடக்கு தெரியுமா அண்ணி? படுத்துத் தூங்கலாம்" என்பேன். அண்ணி, துடைத்த நாற்காலியை மறுபடி துடைப்பாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். வம்பு இழுப்பதைத் தவிர அதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை. இப்போது யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா தெரியவில்லை.

நாளுக்கு நாள் கூட்டம் ஏறியது. பிறகு அண்ணியே எனக்குச் சொன்னாள், எப்படி ஆரம்பித்தது என்று. ஒரு நாள் நாலு மணிக்கு முள் எழுபத்தொன்றில் நின்றது. போன் போட்டாள். அக்கரைக்காரி முந்திக்கொண்டு, "இங்க அறுபத்தி நாலுக்கா" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டுவிட்டு நம் பிள்ளையின் மார்க்கைச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரி இருந்ததாம் அண்ணிக்கு. "இங்க அறுபத்தஞ்சு" என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதைத்தானே எழுத வேண்டும், எழுதிவிட்டாள். நாளைக்குச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் எழுபத்திரண்டு. நேற்று அறுபத்தைந்து என்றவள் இன்று எழுபத்திரண்டு என்றால், ஒரே நாளில் என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்களா?

இரண்டு நோட்டும் மேலிடத்துக்குப் போயின. ஆறும் பாலமும் நடுவில் இருந்தும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அறுபத்து நாலு, அறுபத்தைந்து. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? இருபத்தைந்தை நாற்பதாக்கினார்கள். சுவர் மூச்சு வாங்குகிற பத்து நிமிஷத்தை ஐந்தாகக் குறைத்தார்கள். நான் வாய் கொள்ளாமல் சிரித்தபடி இன்னொரு நடை சேர்த்தேன். அண்ணன் ஒன்பதாவது அறைக்குச் செங்கல் இறக்கினான்.

அண்ணி மட்டும் இளைத்தாள். வீட்டுச் சமையலறையில் மாதத்துக்கு ஒரு தாளாகக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு எண் எழுதிவைத்தாள். எழுபத்து மூன்று. எழுபத்தைந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காப்பியோடு நின்று அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது உன் எடையா? ஆளப் பார்த்தா துரும்பா இருக்க, இதுல ஏறிட்டே போகுது?" என்று கேட்டான். நான் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. வெளியே போய்க் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி உதறிப் போட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவர் டாக்டர் வருவார். அரசாங்கம் அவருக்குப் பெரிய பதவிப் பெயர் வைத்திருக்கிறது. எங்களுக்கு டாக்டரம்மா. இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஆள். அண்ணன் லாட்ஜில்தான் தங்குவார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், பூச்சு எங்கே உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று. அவர் வேலை செய்யும் நாட்களில் குகைக்கு ஆளை விடமாட்டார்கள். அதனால் அவர் இருக்கும்போது முள்ளும் நல்ல பிள்ளையாக இறங்கி நிற்கும்.

அந்தத் தடவை வந்தவர் குகைக்குள்ளேயே கிடந்தார். படகின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூட்டைக்காரியின் முழங்கைக்குக் கீழே பூச்சு அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. நோட்டைப் புரட்டுவார், சுவரைப் பார்ப்பார், மறுபடி நோட்டைப் புரட்டுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியே வந்து, தலையிலிருந்த விளக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஈரம் இல்ல. இருந்தும் உரியுதுன்னா தப்பு என்னோடதுதான். போன வருஷம் ஓரத்துல நான் பூசின சுண்ணாம்புக் கலவை சரியில்ல. அதுதான் இழுக்குது. ரெண்டு நாட்டு கமிட்டிக்கும் எழுதி வெச்சுட்டேன். திங்கக்கிழமை அதைச் சுரண்டி எடுத்துடப் போறேன்."

"சுரண்டினா படத்துக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள் அண்ணி.

"மூட்டைக்காரி நிக்கிறதே அந்தப் பூச்சப் பிடிச்சுட்டுதான். அவ நிப்பாளா தெரியாது. வேற வழி இல்லையே."

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டில் செய்த அட்டகாசம் சொல்லி மாளாது. பரணில் இருந்த பாத்திரமெல்லாம் கீழே வந்தது. அலமாரி சுவரைவிட்டு நகர்ந்தது. அண்ணன் எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஈரத்தரை. "யாராவது வர்றாங்களா?" என்று என்னிடம் கிசுகிசுத்தான். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை குகையை மறுபடி திறந்துவிட்டார்கள், எனக்கு ஒரு நடைதான். நாலு மணிக்கு வேனைக் குகை வாசலில் நிறுத்தி டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கூட்டத்தை வெளியேற்றிவிட்டு அண்ணி போனைக் கையில் எடுத்தாள். குகை வாசலில் காது கிழிகிற காற்று, அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு?" என்றாள் அக்கரைக்காரி.

அண்ணி நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"அக்கா? கேக்குதா?"

"எழுபத்தொம்பது" என்றாள் அண்ணி. "இன்னைக்கு மட்டும் இல்லக்கா. ஆறு மாசமா நான் உங்ககிட்ட சொன்னது பூராவும் பொய். நோட்டுல எழுதினதும் பொய். டாக்டரம்மா அதை நம்பித் தன் தலையில தானே பழியப் போட்டுக்கிட்டாங்க. திங்கக்கிழமை சுரண்டப் போறாங்க. என்னால முடியலக்கா."

லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு குறைச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

"மொதல்ல ஆறு. இப்ப பதினாலு."

"நான் பதினஞ்சுக்கா."

அண்ணி நடப்பதை நிறுத்தினாள்.

"உங்க குகை அப்படி இருக்கறப்ப எங்களுது மட்டும் ஏன் இப்படி ஊறுதுன்னு ஒரே அவமானமா இருந்துச்சு. நான்தான் கதவ சரியா திறக்கலையோ, ஆளுங்கள சீக்கிரம் வெளிய அனுப்பலையோன்னு... உங்க கொழுந்தன் வேற வர்றப்பல்லாம் சொல்வாரு, எங்க அண்ணி சுவர்ல கைய வெச்சா தூசிதான் ஒட்டும்னு."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் டயரில் நிறைய வேலை இருந்தது.

"உண்மையான நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"மளிகைச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி அரிசி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. நீங்க?"

"காலண்டர்ல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார்கள். அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வேனில் ஏறிய பிறகு, "அண்ணி, யோசிச்சீங்களா? ரெண்டு பக்கமும் மூடிடுவாங்க. வண்டி, லாட்ஜ், உங்க வேலை, எல்லாம் ஒரே நாள்ல போயிடும். சுரண்டட்டுமே. அந்தம்மாவே தன் தப்புன்னு சொல்றாங்க, நாம எதுக்கு குறுக்க விழணும்?" என்றேன்.

அண்ணி என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அந்தப் பொம்பளையோட கலவை நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள். "நீ வண்டிய எடு."

வீட்டுக்குப் போய் ஆணியோடு காலண்டரைப் பிடுங்கினாள். சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது. வழக்கமாக உடனே துடைப்பத்தை எடுப்பவள் அதைத் தாண்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

டாக்டரம்மா அறையில் கட்டிலின் மேல் துணியை விரித்து, சுரண்டும் கத்திகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி காலண்டரை அவர் முன்னால் விரித்தாள். "இதுதான்மா நெஜம். நோட்டுல இருக்கறது பொய். அக்கரையிலயும் அப்படித்தான்." அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஆறு மாதம். கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். கத்துவார் என்று கதவோரமாகத் தயாராக நின்றேன்.

"அப்ப என் சுண்ணாம்பு சரியாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"சரியாத்தாம்மா இருந்துச்சு."

"சரியாத்தான் இருந்துச்சா?" என்று மறுபடியும் கேட்டார். கண்ணை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கை போயிடுச்சுன்னு நெனச்சேன். இந்த வேலைய விட்டுடலாம்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்."

அதைக் கேட்டதும் அண்ணி அந்தக் கட்டிலின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். கத்திகள் குலுங்கின. எழுந்திருக்கவே இல்லை. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாதான் பேசினார். "அக்கரையில படகுல ஏன் பத்து பேர் தெரியுமா? நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சும்மா கணக்கில்லாம கூட்டத்த விட்டாங்க. பதினோராவது ஆள் உதிர்ந்துட்டாங்க. பழைய போட்டோவுல இருக்காங்க. அங்கயும் அது மூட்டைக்காரிதான்."

எனக்குக் காது சூடேறியது. எத்தனை நடை, எத்தனை ஜன்னல் சீட்டு.

திங்கட்கிழமை கத்தி வெளியே வரவில்லை. குகையைத்தான் பூட்டினார்கள், இரண்டு பக்கமும். மேலாளர் அண்ணிக்கு மெமோ கொடுத்தார். பதினாலு வருஷ வேலையில் முதல் மெமோ. நாற்காலியும் நோட்டும் போய், டிக்கெட் கட்டு அடுக்குகிற பின்னறைக்கு மாற்றினார்கள். வேலையைப் பறிக்காமல் விட்டதற்கு டாக்டரம்மா எழுதிய கடிதம் காரணம் என்று கேள்வி. அக்கரைக்காரிக்கும் அதே கதைதான். அண்ணன் மூன்று நாள் அண்ணியோடு பேசவில்லை. நாலாம் நாள் இறக்கிய செங்கலை வேறொருவருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, "காப்பி இருக்கா?" என்றான். நான் வேனில் சீட்டைக் கழற்றிவிட்டுச் சந்தைக்குக் காய்கறி ஏற்றினேன். முட்டைக்கோசிடம் சொல்ல நகைச்சுவை எதுவும் இல்லை. கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். யார்மேல் என்று கேட்காதீர்கள். வாசலில் நின்று வாயாடியவன் நானல்லவா.

மழைக்காலம் போய் வெயிலும் பாதி போன பிறகு, டாக்டரம்மா அழைத்தார். இரண்டு வாசல்காரிகளையும் ஒன்றாக வைத்து முள்ளைப் பார்க்க வேண்டுமாம். அக்கரைக்காரியைப் பாலத்தில் போய் ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். குகை வாசலில் இறங்கியவள் அண்ணியைப் பார்த்ததும், "அக்கா, குரலுக்கு நீங்க இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். நாலு பேரும் உள்ளே போனோம். விளக்கு படகின் மேல் விழுந்தது. உப்பு குறைந்திருந்தது. மூட்டைக்காரி இருந்தாள். திரும்பிப் பார்த்தபடியே இருந்தாள். மடியில் மூட்டை இல்லை. அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறச் சுவர், அதை அணைத்தபடி இரண்டு கைகள்.

"பூட்டினதுக்கு அடுத்த வாரமே விழுந்துடுச்சு. தூளா போச்சு, ஒட்ட முடியல" என்றார் டாக்டரம்மா. "மத்ததெல்லாம் நின்னுடுச்சு."

எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகுதான் கவனித்தேன், அடைத்ததல்ல, நான் மூச்சையே விடவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அண்ணி கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாள். அக்கரைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"விடுங்க, நாலு பேரு மூச்சுக்கெல்லாம் ஒண்ணும் ஆயிடாது" என்றார் டாக்டரம்மா. "முள்ளப் பாருங்க."

அண்ணி ஈரமானிக்கு முகத்தைக் கொண்டுபோனாள். "அறுபத்தி ரெண்டு."

அக்கரைக்காரி குனிந்து பார்த்தாள். "இல்லக்கா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது."

"மூணு பக்கமாத்தான் நிக்குது" என்றாள் அண்ணி, இன்னும் கிட்டத்தில் பார்த்துவிட்டு. "மூணுன்னே எழுதுங்க."

"ஆமா, மூணுன்னே எழுதுங்க" என்றாள் அவளும்.

டாக்டரம்மா நோட்டையும் பேனாவையும் அண்ணியிடமே நீட்டினார். அண்ணி அறுபத்து மூன்று என்று எழுதினாள். எழுதிவிட்டு இன்னொரு தடவை போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தாள்.